வார்டுக்குள் நுழைந்த உறுமி

ஷாமினி பத்து வயதைத் தாண்ட மாட்டாள் என்று சொன்ன டாக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஷாமினிக்கு இப்போது இருபத்தேழு நடக்கிறது. இதை யாரிடம் சொன்னாலும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பந்தயத்தில் ஜெயித்தவளின் சிரிப்பு. அதில் அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது.

அவளுக்கு இருப்பது தாலசீமியா. உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே ஊற வைக்காது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய், முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் முதலில் படி ஏறும்போது மூச்சு வாங்கும், பிறகு படுத்தால் எழ முடியாது, பிறகு அவ்வளவுதான். லிங்கிப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த பெண். உயரம் குறைவு, கன்னத்து எலும்பு மேடு, தோலில் ஒரு சாம்பல் நிறம். சின்ன வயதில் தோட்டத்துப் பிள்ளைகள் அவளுக்கு என்னென்னவோ பட்டப்பெயர் வைத்தார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. அவள் திருப்பி வைத்தவை மட்டும் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன.

சி ரூசா கடற்கரைச் சாலையில் லியாக்கத் அலியின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்காருகிறாள். அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசெல்லாம் உறுமியில் இருந்தது.

உறுமி மேளம் அந்த வட்டாரத்தில் பையன்களின் சமாச்சாரம். ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, திருவிழாவுக்குத் திருவிழா வேனில் ஏறிப் போவார்கள். தோட்டத்துக் குழுவுக்கு யோகேந்திரன் தலைவன். தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஷாமினி அவனிடம் போய் நின்றபோது அவளுக்குப் பதினேழு வயது.

"நீ பாதி வழியில மயக்கம் போட்டு விழுந்தா யாரு பொறுப்புலா?" என்றான்.

"நீ விழுந்தா யாரு பொறுப்போ, அவங்கதான்."

சேர்க்கவில்லை. அவள் சொந்தமாக ஒரு உறுமி வாங்கி, லயத்துக்குப் பின்னால் செம்பனை மரங்களுக்கு நடுவே நின்று அடித்துத் தள்ளினாள். அம்மா புஷ்பவள்ளி, "மாடு மேய வர மாட்டேங்குதாம்டி, பக்கத்து வீட்டுக்காரங்க சொல்றாங்க" என்று கெஞ்சிப் பார்த்தாள். அடுத்த வருடத் திருவிழாவில் ஷாமினி தன் உறுமியை மாட்டிக்கொண்டு ஊர்வலத்துக்குப் பின்னால் தனி ஆளாக நடந்தாள். பாதி வழியில் சனம் முன்னால் போன குழுவை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பிவிட்டது. யோகேந்திரன் விவரமானவன். மறுநாளே வீடு தேடி வந்து சேர்த்துக்கொண்டான்.

இதெல்லாம் பழைய கதை. அந்த உறுமி ஆஸ்பத்திரிக்குள் போனதுதான் சொல்ல வேண்டிய கதை.

பெரியவர்களுக்கு ரத்தம் ஏற்றும் அறைக்கும் குழந்தைகள் வார்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவுதான். ஒருநாள் ஷாமினி கையில் ஊசியோடு படுத்திருந்தபோது அந்தப் பக்கமிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. கூடவே ஒரு கிட்டார் சத்தம், பாவம்போல ஒலித்துக்கொண்டிருந்தது. ஷாமினியால் பொறுக்க முடியவில்லை. ரத்தப் பை தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டே கதவைத் திறந்து உள்ளே போனாள். நர்ஸ் மிஸ்ஸிகள் மூன்று பேர் பிடித்தும் ஒரு மலாய்க் குழந்தை கட்டிலில் துள்ளிக்கொண்டிருந்தது. ஷாமினி கட்டில் கம்பியில் விரலால் தட்டத் தொடங்கினாள். குழந்தை அலறுகிற வேகத்துக்கே தட்டினாள். அலறல் சத்தம் எங்கே ஏறியதோ அங்கே தட்டும் ஏறியது. குழந்தைக்கே ஆச்சரியமாகிவிட்டது, தன் அழுகைக்குத் தாளம் போடுகிற ஆளை அது அதுவரை பார்த்ததில்லை. கொஞ்சம் நிறுத்திப் பார்த்தது. தட்டும் நின்றது. திரும்ப அழுதது. தட்டும் வந்தது. அப்புறம் ஷாமினி மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தாள், குழந்தையின் மூச்சும் கூடவே இறங்கி வந்தது.

கிட்டார் வைத்திருந்த பெண் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டாள். அவள் பெயர் ஷஃபீகா. பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். இசை வைத்தியம் என்று ஒரு படிப்பு இருக்கிறதாம், அதை முறையாகப் படித்துவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் நீண்ட நாள் நோயுள்ள குழந்தைகளுக்காக அந்த வார்டுக்கு வருகிறவள்.

"இத யாரு ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தா? நாங்க இத ஒரு செமஸ்டர் படிச்சோம்" என்றாள் ஷஃபீகா.

"நானும் இந்த வார்டுலதான் படிச்சேன். பதினெட்டு வயசு வரைக்கும் இங்கதான் அழுதுக்கிட்டு கெடந்தேன். எனக்கு எவனும் தட்டல" என்றாள் ஷாமினி.

இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கியது ஷஃபீகாதான். உறுமியை வார்டுக்குள் கொண்டுபோவதற்கு முன் தோல் மேல் துண்டு கட்ட வேண்டும், விரலாலும் வளைந்த குச்சியாலும் மட்டும் வாசிக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை. ஷாமினி ஒத்துக்கொண்டாள். வளைந்த குச்சியைத் தோலில் இழுத்தால் வருகிற உறுமல், பசித்த வயிற்றின் சத்தம் மாதிரி இருக்கும். பிள்ளைகளுக்கு அதைக் கேட்டால் சிரிப்பு அள்ளும். எந்தப் பிள்ளை எதற்குப் பயப்படுகிறது, யாருக்குப் பாட்டு, யாருக்கு வெறும் தாளம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் ஷஃபீகா கவனித்துச் சொல்வாள். ஷாமினி அடிப்பாள்.

ஷாமினி தன் பங்குக்கு ஒரு விளையாட்டையும் சேர்த்தாள். ரத்தப் பை ஏறியதும், "இன்னிக்கு யாரு ரத்தம், சொல்லு பாப்போம்?" என்பாள். "எனக்கு காலையிலேருந்து கொய்த்தியாவ் நூடுல்ஸ் சாப்புடணும்போல இருக்கு, போன மாசம் ஏத்துனது சீன அங்கிள் ரத்தம்லா." பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று சொல்லும். ஒருத்திக்குப் போலீஸ்காரர் ரத்தம், கையை விறைப்பாக வைத்து சல்யூட் அடிக்கிறாள். ஒருவனுக்குப் பந்து விளையாடுகிறவர் ரத்தம், கால் சும்மா இருக்காது. ஊரார் ரத்தம் என்பது அந்த வார்டில் வெட்கப்படுகிற சங்கதியாக இல்லாமல் போனது ஷாமினியால்தான்.

அந்தப் பிள்ளைகளில் மாதவியும் ஒருத்தி. ஏழு வயது, ஷாமினியின் தோட்டத்துப் பிள்ளை, அதே நோய். அப்பா மணியம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். பல வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, கோயில் கோயிலாக நேர்ந்து பெற்ற ஒரே மகள். மாதவிக்கு நரம்பு அகப்படாது. அப்படியே அகப்பட்டாலும் குத்துவதற்குள் வார்டே இரண்டுபடும். உறுமி வந்த பிறகு அவள் தானாகக் கையை நீட்டத் தொடங்கியிருந்தாள். மிஸ்ஸிகள் அதைப் பார்ப்பதற்கென்றே வந்து நின்றார்கள்.

எப்போதும் அவளை அழைத்து வருவது மணியம்தான். அன்றைக்கு லோரிக்கு அவசர ஓட்டம் என்று அம்மா வள்ளியம்மா வந்திருந்தாள்.

அன்று நரம்பு முரண்டு பிடித்தது. ஒரு குத்து, இரண்டு குத்து, புறங்கை வீங்கிவிட்டது. மெதுவான அடியெல்லாம் எடுபடவில்லை. மாதவி தேம்பிக்கொண்டே, "அக்கா, கோயில்ல அடிப்பீங்கள்ல, அத அடிங்கக்கா" என்றாள்.

கோயிலில் அடிப்பது என்றால் சாமியை அழைக்கிற அடி. அதை வார்டில் ஷாமினி அடித்ததே இல்லை. அடிக்கக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். சும்மா நிற்கிறவர்கள் காலையும் தூக்க வைக்கிற அடி அது. ஆனால் குழந்தையின் புறங்கையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாவற்றின் மேலும் கோபம் வந்தது, ஊசி மேல், நரம்பு மேல், நோய் மேல். துண்டுக்கு மேலேயே அந்த அடியை எடுத்துவிட்டாள். மாதவி அழுகையை நிறுத்தி, தலையை ஆட்டிக்கொண்டு கையை நீட்டினாள். ஊசி ஒரே குத்தில் ஏறியது. ரத்தம் இறங்கத் தொடங்கியது. மிஸ்ஸி கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

பின்னால் நின்ற வள்ளியம்மாவை யாரும் பார்க்கவில்லை. ஷாமினியாவது பார்த்திருக்க வேண்டும். வருடா வருடம் தோட்டத்துத் திருவிழாவில் முதல் ஆளாக சாமி வருவது வள்ளியம்மாவுக்குத்தானே? அப்போதெல்லாம் அடிக்கிறவளும் ஷாமினிதானே?

முதலில் வள்ளியம்மாவின் குதிகால் துடித்தது. பிறகு கொண்டை அவிழ்ந்தது. நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு கத்து கத்தினாள். "சவான், சவான்!" என்று ஒரு மலாய் மிஸ்ஸி வலிப்பு என்று நினைத்து ஓடிவந்தாள். வள்ளியம்மா அவளை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு மகளின் கட்டிலுக்குப் பாய்ந்தாள்.

"யாரு ரத்தம்டா இது? ஊரான் ரத்தத்த எம்புள்ள ஒடம்புல ஏத்துறீங்களா? ஏத்தாத! எடு! எடுடா!"

குழாயைப் பிடுங்கி எறிந்தாள். தரையெல்லாம் ரத்தம். பிள்ளைகள் அலற, ஷஃபீகா மாதவியை வாரி எடுத்துக்கொண்டு மூலைக்கு ஓட, பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த யாரோ ஒரு மகராசன் இதையெல்லாம் ஆடாமல் அசையாமல் போனில் படம் பிடித்தான்.

வார்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: உறுமி இனி இந்தக் கதவைத் தாண்டக் கூடாது, ஷாமினியும் தாண்டக் கூடாது. ஷாமினி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வாழ்க்கையில் அவள் பேசாமல் திரும்பியது அன்று ஒருநாள்தான்.

ஆனால் கதவை மூடியது பெரிய விஷயமாக இல்லை. மகராசன் எடுத்த படம் பெரிய விஷயமாகிவிட்டது. மாலைக்குள் அது லிங்கியிலிருந்து பகாவ் வரைக்கும் எல்லார் போனிலும் ஓடியது. தோட்டத்தில் ஆளுக்கு நாலு முறை பார்த்தார்கள். அம்மன் தன் வாயால் சொல்லிவிட்டாள், ஊரான் ரத்தம் கூடாது என்று. மணியமும் பார்த்தார். மாதவிக்கு அடுத்த ரத்தம் ஏற்ற வேண்டிய நாள் வந்தது, போனது. அவர்கள் போகவில்லை.

ஷாமினி வேலை முடிந்ததும் நேரே மணியம் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளை விட்டாள். மாதவி வாங்குப் பலகையில் சுருண்டு படுத்திருந்தாள். உதடு காகிதமாக வெளுத்திருந்தது. பக்கத்தில் ஒரு குவளையில் பீட்ரூட் சாறு.

"அண்ணே, இது என்ன?"

"நல்லதுமா. ரத்தம் ஊறும்" என்று மூக்கைச் சொறிந்தார் மணியம்.

"ஊறாதுண்ணே. நம்ம ஒடம்புல ஊறாது. எனக்கும் எங்கம்மா அண்டா அண்டாவா குடுத்தாங்க. கலர் கலரா வெளிய போச்சு, அவ்ளோதான். நாளைக்கே கொண்டுட்டுப் போங்க."

மணியம் மகளின் தலையைத் தடவினார். "அம்மனே வாயத் தொறந்து சொல்லிட்டா ஷாமினி. மீறி ஏத்தி புள்ளைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் என்னா பண்ணுவேன்? அவ குடுத்த புள்ள. எத்தன கோயில் ஏறி எறங்குனோம், ஒனக்குத் தெரியும்ல?"

வள்ளியம்மா அடுப்படி வாசலில் நின்றாள். அவளுக்குத் தான் சொன்னது எதுவும் நினைவில்லை. போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். மகளைப் பார்ப்பதும் சுவரில் இருந்த அம்மன் படத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். அந்தப் பெண்ணின் மேல் ஷாமினிக்கு இரக்கமும் வந்தது, பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

ஷஃபீகா போனில் பேசினாள். டாக்டர் பொறுமை இழந்துகொண்டிருக்கிறார், நலத்துறை அதிகாரிகளை அனுப்பப் போகிறார் என்றாள்.

"அனுப்பச் சொல்லு. ஆனா யூனிஃபார்ம பாத்தா அவரு புள்ளைய தூக்கிக்கிட்டு பகாவ்ல தங்கச்சி வீட்டுக்கு ஓடிருவாரு. அப்பறம் தேடி அலையணும். எனக்கு ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் வாங்கிக் குடு."

"நீ என்னா செய்யப் போற?"

"சாமி சொன்னத சாமிகிட்டதானே கேக்கணும்? கேக்கப் போறேன்."

ஷஃபீகா, "இது எங்க படிப்புல வரல. ஆனா வேற வழி எனக்கும் தோணல" என்றாள்.

புஷ்பவள்ளிக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏற்கெனவே பேரு கெட்டுப்போயி கெடக்கு. காளியம்மாகிட்ட போயி மல்லுக்கு நிப்பியா நீ? ஒனக்கு எங்கேருந்துடி வருது இவ்ளோ திமிரு?"

"யாரு ரத்தமோ தெரியலமா" என்றாள் ஷாமினி. "குடுத்த ஆளத்தான் கேக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசைக்குத் தோட்டத்துக் காளியம்மன் கோயிலில் வழக்கத்தைவிடக் கூட்டம். படம் பரவியதிலிருந்து வெளியூரிலிருந்தும் ஆள் வந்தது. பூசாரி மாயாண்டி எரிச்சலில் இருந்தார். கோயிலுக்குள் எவனாவது போனைத் தூக்கினால் உண்டியலில் போட்டுவிடுவேன் என்று சொல்லி, எல்லார் போனையும் பைக்குள் போட வைத்திருந்தார். மணியமும் வள்ளியம்மாவும் மாதவியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பிள்ளைக்கு உட்காரக்கூட முடியவில்லை, அப்பா தோளில் தலை சாய்ந்து கிடந்தது.

ஷாமினி யோகேந்திரனிடம் போனாள். "இன்னிக்கு நான் மட்டும் அடிக்கிறேன். நீங்க யாரும் கை வைக்காதீங்க."

"ஏன்லா?"

"நிறுத்துனா மொத்தமா நிக்கணும்."

அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, அவள் முகத்தைப் பார்த்து ஒத்துக்கொண்டான்.

துண்டு கிண்டு எதுவும் இல்லாமல், திறந்த தோலில் அவள் அந்த அடியை எடுத்தாள். கோயில் கூரைத் தகரம் அதிர்ந்தது. பாதி தீபாராதனையிலேயே வள்ளியம்மாவின் குதிகால் துடித்தது. கொண்டை அவிழ்ந்தது. கூட்டம் விலகி வழி விட்டது. அம்மன் வந்தாள், ஆடினாள். ஷாமினி விடவில்லை, இன்னும் ஏற்றினாள், இன்னும் ஏற்றினாள். வள்ளியம்மாவின் கால் தரையில் படுகிறதா என்றே தெரியாத வேகத்தில், நடு அடியில் கையை எடுத்துவிட்டாள்.

கோயிலே திடுக்கிட்டது. ஆடிக்கொண்டிருந்த உடம்பு ஒருபக்கம் சாய்ந்து, தடுமாறி நின்றது.

"அடிமா! சாமி நிக்குது பாரு! அடி!" என்று கத்தினார் மாயாண்டி.

"நிக்கட்டும் மாமா. கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கேட்டுட்டு அடிக்கிறேன்."

உறுமி தோளில் தொங்க, அவள் வள்ளியம்மாவுக்கு எதிரே போய் நின்றாள். அவள் தலை வள்ளியம்மாவின் நெஞ்சுக்குத்தான் வந்தது. அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. இருந்தும் குரல் நடுங்கவில்லை.

"தாயே, ஊரான் ரத்தம் வேணாம்னு சொன்னது நீதானே? இந்தா, என் கையப் பாரு." புறங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பிய்த்துக் காட்டினாள். "செவ்வாக்கெழம ஏத்துனது. மலாய்க்கார அண்ணனோ, சீன ஆன்டியோ, நம்ம ஆளோ, எனக்குத் தெரியாது. பொறந்ததுலேருந்து இந்த ஒடம்புல ஓடுறது பூரா ஊரான் ரத்தம்தான். இந்தக் கைதான் இப்ப ஒன்ன கூப்புட்டுச்சு. நீ வரலியா? வந்த. ஆடலியா? ஆடுன. ஒம்பது வருஷமா இந்தக் கை அடிக்கிற அடிக்குத்தான் ஆடிக்கிட்டிருக்க. ஊரான் ரத்தம் ஒனக்கு அடிச்சா இனிக்கும், ஏழு வயசுப் புள்ள உசுரோட இருக்குறதுக்கு மட்டும் அது ஆகாதா?"

யாரோ ஒரு கிழவர், "ஏய், வாயக் கட்டு!" என்றார். ஷாமினி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆகாதுன்னா சொல்லிரு. இப்பவே, இந்த எடத்துலயே, இந்த உறுமியக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிர்றேன். நீ வேற நல்ல ரத்தமா பாத்து அடிக்கச் சொல்லி ஆடிக்க. எனக்கு ஒன்னும் இல்ல. ஆனா அந்தப் புள்ளைய வுட்டுரு. பதில் சொல்லு."

வள்ளியம்மாவின் கண்கள் ஷாமினியின் புறங்கையில் நின்றன. உதடு அசைந்தது. கூட்டம் முன்னால் சாய்ந்தது. ஆனால் சொல் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே ஆடி நின்றுவிட்டு, முழங்கால் மடிந்து சரிந்தாள். மணியம் பிள்ளையை யோகேந்திரன் கையில் திணித்துவிட்டு மனைவியைத் தாங்கிப் பிடித்தார். மாயாண்டி தண்ணீர் தெளித்தார்.

வள்ளியம்மா கண் விழித்தாள். சாமி இறங்கியவர்கள் எல்லாரும் கேட்கிறதையே அவளும் கேட்டாள்.

"அம்மா என்ன சொன்னா?"

அம்மன் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும். அதுதான் உண்மை. ஒன்றும் சொல்லவில்லை என்றால், முன்னால் சொன்னது அப்படியே நிற்கும். ஷாமினி பொய் சொல்ல வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் மணியம் பேசினார்.

"ஏத்தச் சொன்னா புள்ள." மூக்கைச் சொறிந்துகொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "நாளைக்குக் காலையில மொத வேலையா போயி ஏத்திக்கிட்டு வரச் சொன்னா."

வள்ளியம்மா மாயாண்டியைப் பார்த்தாள். மாயாண்டி சந்நிதியைப் பார்த்தார். முப்பது வருடமாக அந்த அம்மனுக்குப் பூசை செய்கிற மனிதர். விபூதியை எடுத்து மாதவியின் நெற்றியில் பூசினார்.

"ஆமா. சொன்னா" என்றார்.

ஒரு கோயில் கூட்டமே சேர்ந்து பொய் சொன்னது. அம்மன் மறுக்கவில்லை.

மறுநாள் காலை மணியம் லோரியை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக் காரில் எல்லாரும் போனார்கள். குழந்தைகள் வார்டின் கண்ணாடிக் கதவருகில் பெரிய சிஸ்டர் நின்றார். மாதவியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது, உடனே டாக்டரைக் கூப்பிட்டார். பின்னால் வந்த ஷாமினியையும் அவள் தோளில் இருந்த உறுமியையும் பார்த்ததும் முகம் பழையபடி இறுகியது. இது கூடாது என்று சொல்லியிருக்கிறேனே என்றார் மலாயில்.

ஷாமினியும் மலாயிலேயே பதில் சொன்னாள். சிஸ்டர், திட்டுவதாக இருந்தால் ஊசி போட்ட பிறகு திட்டுங்கள், நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன், அடுத்த மாதம் நானும் பக்கத்து அறைக்குத்தான் வந்தாக வேண்டும்.

சிஸ்டர் ஷஃபீகாவைப் பார்த்தார். ஷஃபீகா, "நான் பொறுப்பு" என்றாள். உள்ளேயிருந்து மாதவியின் குரல் வந்தது. கத்தக்கூடத் தெம்பில்லாத, கீச்சென்ற ஒரு அழுகை. அதைக் கேட்டுக்கொண்டு சிஸ்டரால் வாசலை மறித்து நிற்க முடியவில்லை. ஒதுங்கி வழி விட்டார்.

ஷாமினி தோலில் துண்டைக் கட்டினாள். மெதுவான அடியில் தொடங்கினாள். பிள்ளை கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"அது இல்லக்கா. அந்த அடி."

ஷாமினியின் கை நின்றது. திரும்பிப் பார்த்தாள். கட்டில் காலடியில் வள்ளியம்மா நின்றிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா?"

"மாட்டேன்."

"அடிச்சா, திரும்ப..."

"தெரியும்." வள்ளியம்மா கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்ற புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒங்கண்ணனுக்குப் பொய் சொன்னா மூக்கு அரிக்கும். கல்யாணம் கட்டுன நாள்லேருந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"எம்புள்ளடி அது. நீ அடி. அவ வந்தா அவகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஷாமினி அடித்தாள். மாதவி நனைந்த கண்ணோடு மெல்லத் தலையை ஆட்டி, கையைப் பிரித்து நீட்டினாள். டாக்டர் குனிந்து நரம்பைத் தேடினார். ஷாமினியின் கண் தோலில் இல்லை, கட்டில் காலடியிலேயே இருந்தது. வள்ளியம்மாவின் குதிகால் துடித்தது. அவள் அதைத் தரையில் வைத்து அழுத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். கொண்டை பாதி அவிழ்ந்து தோளில் விழுந்தது. கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயின. அடி ஏறியது. ஊசி ஏறியது. குழாயில் சிவப்பு இறங்கத் தொடங்கி, சொட்டுச் சொட்டாக மகளின் கையை நோக்கி வந்தது.

கடைசிச் சொட்டு வரைக்கும் அங்கே நின்றது வள்ளியம்மாதான்.